ஆனந்தவல்லிக்குக் காது கேட்காமல் போன வருஷம்

தப்பு போனில் இல்லை, தன் இடது காதில்தான் என்று ஆனந்தவல்லியே முதலில் நம்பினாள். இருபது வயதில் மன்னார்குடி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்த நாளிலிருந்து ஹெட்செட் ஏறி உட்கார்ந்திருந்த காது அது. போர்டு முழுக்க ஓட்டைகள், கையில் கயிறு கயிறாய் ஒயர்கள். யாருக்கு யார் வேண்டுமோ அவர்களைச் செருகி இணைத்துவிட்டு, "பேசறீங்களா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு விலகிவிட வேண்டும். சாவுச் செய்தி, பேறுகாலச் செய்தி, நெல் விலை, கள்ளக் காதல், எல்லாம் அந்தக் காது வழியாகத்தான் போயிற்று. மூச்சு விடும் சத்தம்கூட அடுத்தவருக்குத் தெரியாமல் லைனில் இருக்க அவளுக்குத் தெரியும். ஆனால் வேலையில் இருந்தவரை அப்படி இருந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் துரைராசுவின் பெண்டாட்டி, இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். மூத்தவன் ராம்கி அப்போது நடக்கிற பிள்ளை. பிறந்தவள் வானதி. துரைராசு குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தவர். ஒரு வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறக்க மாட்டார்கள், ஒரு வருஷம் கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்து எல்லாம் சாய்ந்து முளைத்துவிடும். நிலையாக வந்தது ஆனந்தவல்லியின் சம்பளம் ஒன்றுதான். அதில்தான் இரண்டும் பால் குடித்தன, பள்ளிக்கூடம் போயின, என்ஜினீயரிங் படித்தன.

அவளுக்கும் ஒரு வரன் வந்தது. மாயவரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, யாருக்காவது டிரங்க் கால் போடுகிற சாக்கில் அவள் டியூட்டி நேரம் பார்த்துக் கூப்பிடுவார். "நம்பர் சொல்லுங்க" என்பாள். அவர் ஒரு நம்பரைச் சொல்லிவிட்டு, "அவசரமில்லீங்க, மெதுவாப் போடுங்க" என்பார். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. திடீரென்று அந்தக் கால்கள் நின்றுவிட்டன. "நைட் டியூட்டி பாக்கற பொண்ணு வேணாம்னுட்டாங்க" என்று அண்ணன் வந்து சொன்னார். அதன் பிறகு ஆனந்தவல்லி நைட் டியூட்டிக்குப் போகும்போது முகத்துக்குப் பவுடர் போடுவதை விட்டாள். வேறு வரன் பார்க்கவும் விடவில்லை.

அண்ணன் செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. ராம்கி சென்னையில் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தான். வானதி அமெரிக்காவில் கணவனோடு இருந்தாள். தெப்பக்குளத்துக்கு மேற்கே ஆனந்தவல்லி தன் பணிக்கொடையில் கட்டிய வீட்டில் அவள் மட்டும். கைபேசிக்கு அந்த வீட்டில் சிக்னல் கிடையாது, மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். முழங்காலில் அறுவை செய்துகொண்டபின் அவளால் ஏற முடியவில்லை. அதனால் ராம்கி ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கி வைத்துவிட்டு, பழைய போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வானதி முதலில் ராம்கியைக் கூப்பிடுவாள், பிறகு அத்தையையும் அதே லைனில் சேர்ப்பாள். மூன்று பேரும் பேசுவார்கள். வாரத்தில் மற்ற நாட்களெல்லாம் அந்தக் காலைக்காகத்தான் ஆனந்தவல்லிக்கு விடிந்துகொண்டிருந்தன.

அந்த போன் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க ஆரம்பித்தது. முதலில் கரகரப்பு. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. ஒரு ஞாயிறு அடியோடு நின்றுவிட்டது. மணி மட்டும் நன்றாக அடித்தது. எடுத்தால் ஒன்றுமில்லை. இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினாள். அதிலும் ஒன்றுமில்லை. அவள் பேசியது மட்டும் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. எதிர்வீட்டுக் குந்தவையின் கைபேசிக்கு ராம்கி போன் பண்ணி, "அத்தைக்குக் காது போயிடுச்சு போல. பாத்துக்குங்க" என்று சொன்னானாம். குந்தவை வந்து வாசலில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கும்படி அதைச் சொன்னாள்.

"காது கேக்குதுடி. போன்ல மட்டுந்தான் கேக்கல."

"வயசானா அப்படித்தாங்க்கா ஆரம்பிக்கும்."

ஆனந்தவல்லி அடுத்த ஞாயிறும் எடுத்தாள். "ராம்கி, வானதி, ரெண்டு பேரும் இருக்கீங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒங்களுக்குக் கேக்குதில்ல? நான் சொல்றேன், கேட்டுக்குங்க" என்று அந்த வாரத்துச் சங்கதிகளைச் சொன்னாள். ராம்கி, வர்றப்ப வேற போன் வாங்கிட்டு வாப்பா என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னாள். அப்படியே வாரங்கள் போயின. பொங்கலுக்கு ராம்கி தனியாக வந்தான், சாப்பிட்டான், வீட்டு வரி ரசீதைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு மறுபஸ்ஸில் போய்விட்டான். போன் ஞாபகமில்லை. அவனிடம் அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். அவன் அவளைப் பார்த்துப் பேசியதே குறைவு, பேசியபோதும் கத்தியே பேசினான்.

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒருநாள், போனையும் அதன் ஸ்டாண்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கடைத்தெருவுக்குப் போனாள். ஹஃப்ஸா என்கிற பெண் அங்கே மொபைல் சர்வீஸ் கடை நடத்திவந்தாள். கணவன் வளைகுடாவில் இருந்தான், கடையை அவள் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, இதெல்லாம் இப்ப யாரும் வச்சிக்கிறதில்லையே. தூக்கிப் போட்டுருங்களேன்."

"எனக்கு இதுதாம்மா வேணும். இதுல ஒண்ணும் கேக்கலன்னா காதே போச்சுங்கறாங்க."

ஹஃப்ஸா சிரித்துக்கொண்டே பின்பக்க மூடியைக் கழற்றினாள். பேட்டரிக்கு அடியில் இருந்த திருகுகளை எடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் விட்டுப் போனின் கூட்டை இரண்டாகப் பிளந்தாள். காது வைக்கிற இடத்தில் இருந்த சின்னத் துளைகள் மூடிக் கிடந்தன. தலையில் தடவுகிற தேங்காய் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகாக இறுகியிருந்தன. அதைப் பிரஷ்ஷால் துடைத்தாள். பிறகு ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து, அதிலிருந்து இரண்டு ஒயரை ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டாள்.

"நல்ல ஸ்பீக்கரா இருந்தா தொட்டவொடன 'கிரிக்'னு ஒரு சத்தம் வரணும். பாருங்க, செத்துக் கிடக்குது. உள்ள இருக்கற கம்பிச் சுருள் அறுந்துருச்சு."

ஒரு டப்பாவைக் கவிழ்த்து, பழைய போன்களிலிருந்து எடுத்த ஸ்பீக்கர்களைக் கிளறினாள். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று சரியாக உட்கார்ந்தும் சத்தம் கரகரத்தது. கடைசியில் ஒன்று பொருந்தியது. பழையதைச் சூட்டுக்கோலால் இளக்கி எடுத்துவிட்டு, புதியதைப் பற்றவைத்தாள். ஈயப் புகை மூக்கில் ஏறியது. மறுபடி பேட்டரியைத் தொட்டபோது 'கிரிக்' என்றது. திரும்பி நின்று டப்பாவை அலமாரியில் வைத்தபடியே, "வீட்ல யாரு பேசுவாங்கம்மா இதுல?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"எம் புள்ளைங்கதான்."

"அப்ப ஒங்க காதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் ஹஃப்ஸா.

வீட்டுக்கு வந்து ஸ்டாண்டைச் செருகிப் பொத்தானை அமுக்கினாள். டயல் டோன் வந்தது. அந்த ஒரே சத்தத்தை நின்றபடியே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். குந்தவையிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டையும் திடுக்கிட வைக்க வேண்டும் என்று நினைத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்றுகூடத் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். லைன் சேர்ந்ததா என்று ஒரு கணம் பேசாமல் கேட்பது அவளுடைய தொழில் பழக்கம்.

"எடுத்துடுச்சு போலருக்கே" என்றான் ராம்கி.

"சத்தத்தையே காணும். தூங்கிருச்சா?" இது வானதி.

"அது எங்க தூங்கும். போனத் தலகீழாப் புடிச்சிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனந்தவல்லிக்கும் சிரிப்பு வந்தது. 'நேராத்தாண்டா புடிச்சிருக்கேன்' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இது இன்னும் எத்தன வருஷம் இழுக்கும்னு தெரியல, வானதி. காது போச்சு, கால் போச்சு, உசுரு மட்டும் கெட்டியா இருக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஹோம் விசாரிச்சு வச்சிருக்கேன். கொண்டு போய் விட்டுட்டா வீட்ட வித்துத் தள்ளிடலாம்."

"போவுமா?"

"காது கேக்காததுகிட்ட என்னத்தக் கேக்கறது? ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிக் கார்ல ஏத்த வேண்டியதுதான்."

ஆனந்தவல்லியின் வாய் திறந்தபடியே இருந்தது. போனை விலக்கியிருக்கலாம். விலக்கவில்லை. மூச்சை அடக்கினாள்.

"பாவம்டா, நம்மள வளத்துருக்கு" என்றாள் வானதி.

"வளத்துச்சு. வேற என்ன வேல அதுக்கு? ஒனக்குத் தெரியுமா, அப்பா சாவறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னாரு. மாயவரத்துலேருந்து ஒரு வாத்தியாரு இத ஆசப்பட்டு, வீட்டுக்கே தனியா வந்து கேட்டாராம். நைட் டியூட்டியப் பத்தியெல்லாம் எனக்குக் கவலையில்லைன்னாராம். அப்பாதான், அவளுக்கு வலிப்பு நோவு இருக்குங்க, மறைக்க மனசு வரலன்னு சொல்லி அனுப்பிச்சிட்டாரு."

"ஐயையோ!" என்ற வானதி அடக்க முடியாமல் சிரித்தாள். "வலிப்பா?"

"பின்ன? அது கல்யாணம் கட்டிட்டுப் போயிட்டா நம்மளுக்கு யாரு பீ மூத்தரம் அள்றது? அப்பா கெட்டிக்காரரு."

"சரி, ஏதாச்சும் பேசுதா பாரு. எனக்குத் தூக்கம் வருது."

ஆனந்தவல்லி பேசினாள். எப்படிப் பேசினாள் என்று அவளுக்கே பிற்பாடு விளங்கவில்லை. "ராம்கியா? வானதியா? ஒண்ணும் கேக்கலப்பா. இருந்தாலும் சொல்றேன்" என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தாள்.

"ஆரம்பிச்சிருச்சு. அடுத்தாப்ல வாழைதான், பாரு" என்று வானதி அவளுடைய குரலிலேயே இழுத்தாள். "கொல்லையில வாழ கொல தள்ளிருக்கும்மா..."

"கொல்லையில வாழ கொல தள்ளிருக்கும்மா" என்றாள் ஆனந்தவல்லி. அவள் சொல்ல வைத்திருந்ததும் அதுதான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் முழுக்கச் சொல்லி முடித்து, "சரி, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று போனை வைத்தாள்.

அன்று உலை கொதித்து வற்றிப் பானை கரிந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அவசரமில்லீங்க, மெதுவாப் போடுங்க என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வலிப்புக்காரி என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் பஸ் ஏறியிருப்பார். பாவப்பட்டிருப்பார். அந்தப் பாவம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலை, சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த அண்ணனின் படத்தைக் கழற்றிச் சட்டத்தைப் பிரித்து, வெந்நீர் அடுப்பில் விறகோடு விறகாகச் சொருகினாள். அந்த வெந்நீரில் தலை முழுகினாள்.

அடுத்த ஞாயிறு அவள் மணி அடிப்பதற்கு முன்பே நாற்காலியில் இருந்தாள். மடியில் முறத்தில் வெண்டைக்காய். எடுத்ததும் கொஞ்சநேரம் அவர்கள் பேசியதைக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

"ராம்கி, நீ மட்டுந்தானப்பா இருக்க? வானதி போன வாரமே இந்த வாரம் வேல இருக்குன்னுச்சோ என்னவோ, கேக்காதவளுக்கு என்ன தெரியும். நீ பொங்கலுக்கு வந்தப்ப சொன்னத யோசிச்சேன். வீட்ட ஒம் பேருக்கே எழுதிடறேன். அவளுக்குத்தான் அமெரிக்கா இருக்கே. நீ சொன்னாப்ல அவகிட்ட சொல்லிக்க வேணாம்."

வானதி, "என்னடா சொன்ன பொங்கலுக்கு?" என்றாள்.

"நான் ஒண்ணுமே சொல்லல, வானதி! அது ஒளறுது!"

"ஒளறற ஆளா அது? வரி ரசீத எதுக்குப் போட்டோ எடுத்த?"

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் அன்னிக்கே பெருமையாச் சொல்லிச்சே, எம் புள்ள வந்து வரி ரசீதப் பாத்துப் போட்டோ எடுத்துட்டுப் போனான்னு."

ஆனந்தவல்லி ஒரு வெண்டைக்காயின் காம்பை நறுக்கினாள். நுனியை ஒடித்துப் பார்த்தாள். முற்றல். ஒதுக்கிப் போட்டாள். அண்ணனும் தங்கையும் கத்திக்கொண்டது அவள் காதில் தெளிவாக, கரகரப்பில்லாமல் விழுந்தது. ஹஃப்ஸா நல்ல ஸ்பீக்கராகத்தான் போட்டிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் வானதியிடம் பேசுவதுபோலப் பேசினாள். "வானதி, எனக்குக் காது கேட்டப்ப நீ ராம்கியப் பத்திச் சொன்னது நெசந்தாண்டி. அவன் பொண்டாட்டி சொல்றதத்தான் கேக்கறான். அவ குணம் எனக்குந் தெரியும். ஒனக்கே எல்லாத்தையும் வச்சிடறேன்." இந்தத் தடவை ராம்கி வெடித்தான். அவன் பெண்டாட்டியும் பக்கத்திலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஒருவர் வீட்டுக் குப்பையை இன்னொருவர் அள்ளிக் கொட்டினார்கள். வானதியின் கணவன் வேறொரு பெண்ணோடு சுற்றுவதை ராம்கி சொன்னான். ராம்கி வேலையிலிருந்து ஏன் நீக்கப்பட்டான் என்பதை வானதி சொன்னாள். இரண்டும் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் நம்பிச் சொல்லியிருந்தவை. ஆனந்தவல்லிக்குப் புதுச் செய்திகள்.

அந்த வாரங்களில் அவள் முகம் தெளிந்திருந்தது என்று குந்தவை சொன்னாள். நன்றாகச் சாப்பிட்டாள். சனிக்கிழமையே அடுத்த நாள் சொல்ல வேண்டியதை யோசித்துவைத்தாள். எந்த வார்த்தை யாருக்கு எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாததா? இரண்டையும் மடியில் போட்டு வளர்த்தவள். சிறுவயதில் ராம்கிக்கு இருட்டென்றால் பயம் என்பதும், வானதி எல்லோரும் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவாள் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். அந்த அறிவையெல்லாம் எடுத்துச் செலவழித்தாள்.

நடவு நடக்கிற சமயத்தில் ஒரு பகலில் ராம்கி வாடகைக் காரில் வந்து இறங்கினான். முகம் கருத்திருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, "அத்தை, யாருக்கு எழுதிருக்க?" என்றான்.

ஆனந்தவல்லி கதவைப் பாதி திறந்து, கையைக் காதுக்குப் பின்னால் குவித்தாள். "என்னாது?"

"வீட்ட யாருக்கு எழுதிருக்க?"

"சத்தமாச் சொல்லுப்பா. அறவே கேக்கறதில்ல இப்பல்லாம்."

"வீடு! வீடு! யாருக்கு எழுதின?"

"ஆடா? ஆடெல்லாம் வித்தாச்சே."

எதிர்வீட்டில் குந்தவை வெளியே வந்தாள். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். ராம்கி தலையில் அடித்துக்கொண்டான். ஆத்திரத்தில் தெருவென்றும் பார்க்கவில்லை. "எனக்கு எழுதிக் குடு! இல்லன்னா இழுத்துட்டுப் போய் ஹோம்ல தள்ளிடுவேன்! நீ செத்தாக்கூட வரமாட்டேன்!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

பால்காரர் இறங்கி வந்து, "தம்பி, யாரப் பாத்து என்ன பேசறீங்க?" என்று அவன் தோளைப் பிடித்தார். இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். குந்தவை, "வளத்தவளாச்சேப்பா" என்று அழுதே விட்டாள். ராம்கி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். சின்னப் பையனாக இருந்தபோது திருட்டு மாங்காய்க்கு மாட்டிக்கொண்டால் இப்படித்தான் உதடு துடிக்க நிற்பான்.

"என்னப்பா சொல்றான் எம் புள்ள? சாப்புட்டியான்னு கேக்கறானா?" என்று ஆனந்தவல்லி பால்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

ராம்கி காரில் ஏறிப் போய்விட்டான். அதோடு அவன் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கால்களும் நின்றன. அவள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கத் தாமதமானது. அது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அன்று முதல் தெரு அவளைச் செவிடென்றே வைத்துக்கொண்டது. முன்னால் நின்றுகொண்டே அவளைப் பற்றிப் பேசினார்கள். "எனக்கென்னவோ இந்தம்மா மேலயும் தப்பிருக்கும்னுதான் தோணுது" என்று பால்காரர் குந்தவையிடம் சொன்னார், ஆனந்தவல்லியின் பாத்திரத்தில் பால் ஊற்றியபடியே. "கல்யாணம் கட்டாத சென்மம் அப்படித்தான்" என்றாள் அழுத குந்தவை. ஆனந்தவல்லி பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இனிமேல் கேட்கிறது என்று யாரிடம் சொல்ல முடியும்?

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை போன் அடித்தது. எடுத்தாள். பேசாமல் இருந்தாள்.

"அத்தை" என்றாள் வானதி. லைனில் அவள் மட்டும்தான். "ஒனக்குக் கேக்காதுன்னு தெரியும். அதுக்குத்தான் கூப்புட்டேன். யார்கிட்டயாச்சும் சொல்லணும் எனக்கு."

குரல் மூக்கடைத்துக்கொண்டு வந்தது. கணவன் வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்காகிவிட்டது என்றாள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது, நாளைக்கு ஊசி விட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள், கூட வர ஆளில்லை என்றாள். "ராம்கிகிட்ட சொல்ல முடியல. நீதான் எங்கள இப்படி ஆக்கிட்ட. ஆனாலும் ஒம்மேல கோவம் வரல அத்தை. நான் ஒன்ன என்னவெல்லாம் பேசிருக்கேன்னு ஒனக்குத் தெரியாது. எல்லாரும் அம்மா அம்மாங்கறாங்க. எனக்கு அம்மான்னா ஒம் மொகந்தான் வருது. பயமா இருக்கு அத்தை."

ஆனந்தவல்லியின் நாக்கு நுனிவரை 'வானதி' என்ற பெயர் வந்துவிட்டது. மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்குவதை உணர்ந்தாள். கூடவே, வலிப்பா என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பும் காதுக்குள் எழுந்தது. அது இன்னும் முழுசாக இருந்தது.

"யாரு, ராம்கியா?" என்றாள் ஆனந்தவல்லி. "கேக்கலப்பா. ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்த வானதி கூப்புட்டா இனிமே நான் எடுக்க மாட்டேன். பெத்தவளத் தின்னுட்டுப் பொறந்தது. அது கால் வச்ச எடம் உருப்படாது."

வானதி சிறுமியாக இருந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தி அந்த வார்த்தையைச் சொன்னதற்காக, பந்தியிலிருந்து எழுந்து போய் அவளை அறைந்தவள் ஆனந்தவல்லி. பிள்ளை காதில் அது விழவே கூடாது என்று ஊர் ஊராகத் தடுத்துவைத்த வார்த்தை. அதை இப்போது அவளே வாயாரச் சொன்னாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

ஆனந்தவல்லி பிடித்த போனை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நினைத்த மாதிரி மனம் ஆறவில்லை. மறுநாள் விடிந்ததும் அமெரிக்காவில் இப்போது என்ன நேரம் என்று கணக்குப் போட்டாள். ஊசி விட்டிருப்பார்களா? முடிவு எப்போது வரும்? அவள் போனிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது. ராம்கியிடம் கேட்கலாமென்றால், வானதி அவனிடம் சொல்லாததை அவள் எப்படிக் கேட்பது? காது கேட்காதவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கக் கூடாது. மழை விடாமல் பெய்தது. சுற்றுவட்டாரத்தில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடப்பதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு எதுவும் ஏறவில்லை. வானதி பிறந்த அன்று, ஈரத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது அந்த மார்பு புறா மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. அந்த மார்பில் கட்டி என்றால் நம்ப முடியவில்லை.

மழை விட்ட அன்றே ஹஃப்ஸாவின் கடைக்குப் போனாள்.

"அம்மா, வாங்க. போன் நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. ஒம் போன்லேருந்து அமெரிக்காவுக்கு வாட்ஸப்புல ஒரு கால் போட்டுத் தர்றியாம்மா?"

நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். நம்பர் மறக்கிற வழக்கம் அவளுக்கு எப்போதும் இல்லை. ஹஃப்ஸா கூப்பிட்டு, மணி போனதும் கையில் கொடுத்துவிட்டு, வந்திருந்த ஆளைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டாள்.

"ஹலோ?" என்றாள் வானதி. குரல் சோர்ந்திருந்தது.

"வானதி, நான் அத்தை. டெஸ்ட்டு என்னாச்சுடி?"

கடைத்தெரு இரைச்சலில் லைன் அறுந்துவிட்டதோ என்று ஆனந்தவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சதை எடுத்தாங்களே, என்ன சொன்னாங்க?"

"ஒனக்கு..." என்றாள் வானதி. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "ஒனக்குக் கேட்டுச்சா அன்னிக்கு?"

ஆனந்தவல்லியால் பொய் சொல்ல முடியவில்லை. "கேட்டுச்சு."

"நான் அழுதது?"

"கேட்டுச்சுடி."

"கேட்டுட்டுத்தான் அப்படிச் சொன்னியா?"

"அதுக்கு முன்னாடி நீங்க சிரிச்சதும் கேட்டுச்சு, வானதி. வாத்தியாரச் சொல்லிச் சிரிச்சீங்களே. சித்திரையிலேருந்து எல்லாமே கேட்டுச்சு."

நீண்ட நேரம் இரண்டு பக்கமும் யாரும் பேசவில்லை. அவர்கள் இரண்டு பேரும் உண்மையாக லைனில் இருந்தது அந்த நேரம் மட்டும்தான். பிறகு வானதி ரொம்பத் தணிவாக, "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஆனந்தவல்லி மறுபடி கூப்பிடச் சொன்னாள். ஹஃப்ஸா கூப்பிட்டுப் பார்த்து, "எடுக்க மாட்டேங்குறாங்கம்மா" என்றாள். இன்னொரு முறை பார்த்துவிட்டு, "நம்பரத் தடுத்துட்டாங்க போல" என்றாள். வேறெதுவும் கேட்காமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஆனந்தவல்லி உட்காரவில்லை.

முடிவு என்னவென்று அவளுக்கு அடுத்த வைகாசியில்தான் தெரிந்தது. பாபநாசத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலையில் ராம்கியின் மாமியார் வகையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். செவிட்டு அத்தையைப் பார்த்து ஒரு தலையாட்டல் ஆட்டிவிட்டு, அந்தப் பக்கம் இருந்தவளிடம் பேச்சைத் தொடர்ந்தாள். வானதிக்கு மார்பில் ஒன்றை எடுத்துவிட்டார்களாம். முடியெல்லாம் கொட்டி இப்போதுதான் முளைக்கிறதாம். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடக்கூட ஆளில்லாமல் கூட வேலை பார்க்கிற யாரோ ஒரு பெண் வந்து போட்டதாம். ராம்கிக்கு இன்னும் கோபம் தீரவில்லையாம், போகவில்லையாம்.

"பெத்த தாய் இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாளா?" என்றாள் அந்தப் பக்கத்துக்காரி.

பாயசம் கொண்டுவந்தவர் வாளியோடு ஆனந்தவல்லியின் இலைக்கு முன்னால் குனிந்து, "ஊத்தவாம்மா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவள், "அதுக்குக் காது கேக்காது, ஊத்துங்க" என்றாள். அவர் ஊற்றினார்.